படத்துக்கு முன்னாடி ஒரு கை

1913, பெர்லின். ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். புற்றுநோய் படத்தில் தெரிஞ்சது. ஆனா எல்லாமே வெட்டி எடுத்த பிறகு! வெட்டுறதுக்கு முன்னாடியே நம்பிப் பார்க்கிற மாதிரி ஒரு மேமோகிராம் முறையை ஹூஸ்டனில் ராபர்ட் ஈகன் வெளியிட்டது 1960-ல்.

சரி, எங்க ஸ்ரீமுஷ்ணத்துல? “வலியே இல்ல, எதுக்குப் படம்?”னு கேட்பாங்க. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதான் சிக்கல்.

மும்பை டாடா மெமோரியல் 1998-ல் மெஷின் இல்லாமலே ஒரு வழி தேடியது. ஒன்றரை லட்சம் பெண்களில் பாதிப் பேரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையாலேயே பரிசோதிச்சாங்க. 2021-ல் வந்த முடிவு: 50 வயது தாண்டியவங்களில் இந்த நோயால் வரும் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு.

ஊருக்கு போன் பண்றப்ப, “சாப்டியாம்மா?”வுக்கு அடுத்து இதையும் கேட்டுருங்க: “மார்பைப் பரிசோதிச்சுக்கிட்டியா?”