எந்தத் தளம் என்ற கேள்வியும் சி மொழியும்

சி நிரல்களைப் பெயர்த்தல் குறித்து ஸ்டீபன் ஜான்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட கட்டுரையின் மையக் கருத்து இன்றும் வியப்பளிப்பது. ஒரு நிரலை வேறு கணினிக்குக் கொண்டுசெல்வதில் வன்பொருளுக்கு இணையான தடை, அங்குள்ள இயங்குதளமே என்று அவர்கள் கண்டனர். ஆகவே அவ்வேறுபாட்டோடு போராடாமல், யூனிக்ஸையே இன்டர்டேட்டா 8/32 கணினிக்குப் பெயர்த்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் இன்டர்டேட்டா 7/32இல் அதைச் செய்து முடித்திருந்தார்.

இத்தீர்வு நீடிக்கவில்லை. யூனிக்ஸே கிளைகளாகப் பிரிந்தது. எழுத்துச்சரத்தில் ஒரு குறியைத் தேடும் செயற்கூறு பெர்க்லி மரபில் ‘இண்டெக்ஸ்’. சிஸ்டம் ஃபைவ் மரபில் ‘ஸ்டர்சிஎச்ஆர்’. பெயர் மட்டுமே வேறு என்பதால் இது எளிய இடர். முனையக் கட்டுப்பாட்டிலோ அமைப்பே வேறுபட்டது. நிரலாளர் முன்செயலியின் ‘இஃப்டெஃப்’ கட்டளையை நாடி, தளத்தின் பெயரைக் கேட்டு மூலநிரலைக் கிளை பிரித்தனர். ஆனால் சன்ஓஎஸ் 4 போன்றவை பெர்க்லி வழிவந்தும் சிஸ்டம் ஃபைவ் கூறுகளைக் கொண்டிருந்தன. பெயர் கேட்டால் விடை பிழையாகும்.

லாரி வால் 1984இல் தம் ‘ஆர்என்’ நிரலுடன் வழங்கிய ‘கன்ஃபிகர்’ என்ற ஷெல் நிரல், நிறுவப்படும் கணினியையே ஆராய்ந்து அங்கு உள்ளதையும் இல்லாததையும் கண்டறிந்தது. குனு பயன்கருவிகளைப் பராமரித்த டேவிட் மெக்கன்சிக்கு நெருக்கடி வேறு வகையில் வந்தது: பயனர் தாமே தேர்ந்து மேக்ஃபைலில் குறிக்கவேண்டிய அமைப்புகள் ஏறத்தாழ 20 ஆகிவிட்டன. அவர் 1991இல் தொடங்கிய பணியே ஆட்டோகான்ஃப் ஆயிற்று. சிறு சி நிரலொன்றைத் தொகுத்து, இணைத்துப் பார்ப்பது. வென்றால் அச்செயற்கூறு உண்டு. தளத்தின் பெயர் பெரும்பாலும் தேவைப்படவில்லை.

ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் காலியரும் 1992இல் எழுப்பிய எதிர்ப்பு இதனினும் ஆழமானது. சி நியூஸ் மென்பொருளை உருவாக்கிய அவர்கள், ‘இஃப்டெஃப்’ மலிந்த மூலநிரல் படிக்கவோ சோதிக்கவோ இயலாததாகிறது என்றனர். வேறுபாடுகளைத் தனிக் கோப்புகளுக்குள் ஒதுக்கி, மையநிரல் ஒரே இடைமுகத்தை அழைக்கட்டும் என்பது அவர்கள் வழி. ஆட்டோகான்ஃப் கேள்வியைத் திருத்தியது உண்மையே. விடையை நிரலுள் எங்கே வைப்பது என்பதை நிரலாளரிடமே விட்டுவிட்டது. இவ்விரண்டையும் ஒரே தீர்வாகக் கருதுவோர் இன்றும் பலர்.

இதற்குள் 1988இல் போசிக்ஸ் தரமும் 1989இல் அமெரிக்கச் சி தரமும் வந்துவிட்டன. ‘ஸ்ட்ரிங்.எச்’ தலைப்புக்கோப்பு அத்தரத்தில் உள்ளது. ஆயினும் ஆட்டோகான்ஃப் உருவாக்கும் நிரல்கள் அது இருக்கிறதா என்று இன்னும் சோதித்துக்கொண்டுதான் இருக்கின்றன.