யாழ்ப்பாணக் கிணறுகளின் இரு பருவங்கள்: உவரும் நைத்திரேற்றும்

வற்றாத ஆறு எதுவுமில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர் வரலாறு பெரும்பாலும் கிணறுகளின் வரலாறே ஆகும். மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குழிவுகளிலும் தேங்கும் மழைநீர், கீழுள்ள கடல்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நிற்பின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன் - ஹேர்ஸ்பேர்க் கோட்பாடு. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் காணப்படுவது இவ்வமைப்புக்குக் கண்கண்ட சான்று.

ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவமழை இவ்வில்லையைப் பெருக்குகின்றது. ஆடி, ஆவணியில் அது மெலியக் கரையோரக் கிணறுகளில் குளோரைட்டு ஏறி நீர் சவர்க்கும். குடிநீர்க் கிணறு வேறு, தோட்டக் கிணறு வேறு என்ற வழக்கம் இவ்வேறுபாட்டை அறிந்த சமூகத்தின் ஏற்பாடு எனலாம். ஆயினும் காணி உறுதிகள் கிணற்றுப் பங்கையும் வாய்க்கால் உரிமையையும் கூறுமேயன்றி நீரின் தன்மையைக் கூறுவதில்லை; தன்மையைத் தீர்மானித்தது நாவே. துலாவும் பட்டையும் மனித உழைப்பின் அளவுக்கே இறைத்தமையால், வில்லையின் மேற்பகுதியே பெரிதும் பயன்பட்டது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நீர்ப்பம்பி இவ்வெல்லையைத் தகர்த்தது. மிகையாக இறைக்கப்பட்ட இடங்களில் உவர்நீர் கூம்பாக மேலெழுந்தது. ஆறுமுகம் 1954இல் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டமும், கடல்நீரேரிகளை நன்னீராக்க முனைந்ததன்மூலம், உவரையே முதன்மைப் பகையாகக் கொண்டது. அது பிழையன்று, எனினும் இன்னொரு மாற்றம் அதற்கு அப்பால் வளர்ந்தது.

1970 - 77 காலத்தில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட, குடாநாட்டின் தோட்டச் செய்கை விரிந்தது. அத்துடன் யூரியாவின் பயன்பாடும் பெருகியது. மெல்லிய செம்மண்ணில் எஞ்சிய நைத்திரேற்றை மழைநீர் கழுவிக் கிணற்றுக்குச் சேர்க்கின்றது. மலசலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. இங்குதான் பழைய பருவ அறிவு பயனற்றுப் போகின்றது. மழையோடு உவர் தணிந்து நீர் இனிக்கும் வேளையிலேயே, செறிந்த செய்கையுள்ள இடங்களில் நைத்திரேற்று உயரக்கூடும். ஆகவே மாதம் குறிக்காத பகுப்பாய்வைக் கொண்டு ஒரு கிணற்றை ‘நல்ல கிணறு’ என வகுப்பது வரலாற்றாய்வுக்கும் உதவாது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு, புட்டிப்பால் அருந்தும் சிசுக்களை நீலக்குழந்தை நோயினின்று காக்கும் பொருட்டு அமைந்தது. நைத்திரேற்றை நா அறியாது. அப்பாலுக்கென நீரைக் கொதிக்க வைப்பினும் அது நீங்குவதில்லை. நீர் ஆவியாகுந்தோறும் அதன் செறிவு கூடுகின்றது.