காபிக்கு அளவு வைத்தவர்கள்

ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிக்கலாம் என்று இன்று மருத்துவரைக் கேட்கிறோம். காபியின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு அதிகாரத்தில் இருந்தவர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். 1511இல் மெக்காவின் ஆளுநர் கைர் பேக் காபியைத் தடை செய்தார். காபிக்காகக் கூடியவர்களின் கூட்டம் அவரை உறுத்தியது. 1675இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், அரசியல் பேச்சுக்கு இடம் தருகின்றன என்று காபிக் கடைகளை மூட ஆணையிட்டார். எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்களில் பின்வாங்கினார். 1777இல் பிரஷ்யாவின் இரண்டாம் பிரெடரிக், காபிக்காகப் பணம் வெளிநாடு போகிறது, குடிமக்கள் பீர் குடிக்கட்டும் என்றார். எவ்வளவு குடித்தால் கெடுதல் என்ற கணக்கு இந்த மூன்றிலும் கிடையாது. யார் குடிக்கிறார்கள், எங்கே, யாருடைய காசில் என்பதே வழக்கு. தமிழ்நாட்டுக்குக் காபி வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. குடிப்பவரைப் பார்த்து அளவு சொல்லும் அந்த வழக்கம் இன்றும் நம் கணக்கைக் குழப்புகிறது.

தமிழர்கள் காபியைக் குடிக்கப் பழகுவதற்கு முன்பே அதை விளைவிக்கப் பழகிவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்வராயன் மலையிலும் நீலகிரியிலும் தோட்டங்கள் எழுந்தன. இலங்கை மலைநாட்டின் காபித் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். அவர்கள் பறித்த கொட்டை கப்பலேறியது. அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் காபி நம் நகரங்களின் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்து, காலையில் நீராகாரமும் பழையதும் இருந்த இடத்தைப் பிடித்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற ஆய்வு, அன்றைய பத்திரிகைகளிலும் நூல்களிலும் எழுந்த பதற்றத்தை விரிவாகக் காட்டுகிறது. பெண்கள் காபிக்கு அடிமையாகிறார்கள், பாட்டாளிகூடக் காபி கேட்கிறான் என்பவை அக்காலத்துப் புலம்பல்கள். அதே பானம் மேல்தட்டு வீட்டில் நல்ல பசும்பாலும் புதிதாக வறுத்து அரைத்த பொடியும் பித்தளை பில்டருமாகச் சேர்ந்து பண்பாட்டின் அடையாளமாகிவிட்டது. டம்ளரில் இருந்தது ஒன்றே. கை மாறியபோது அது கௌரவமாகவோ கேடாகவோ மாறியது.

காந்தியடிகளும் காபியை எதிர்த்தாரே என்று கேட்கலாம். 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் எழுதிய உடல்நல நூலில், தேநீரும் காபியும் கோகோவும் உடலுக்குத் தேவையற்றவை என்றே அவர் சொன்னார். அவர் ஆளுக்கொரு நியாயம் பேசவில்லை. தமக்கு விதித்ததையே பிறருக்கும் சொன்னார். அந்த நேர்மையை மதிக்கத்தான் வேண்டும். ஆனாலும் அது துறவின் நெறி. எத்தனை டம்ளர் என்று கேட்பவருக்கு அதில் பதில் கிடைக்காது. அதே ஆண்டில்தான் காபிச் சட்டமும் வந்து காபி வாரியம் முழு அதிகாரம் பெற்றது. போரால் ஐரோப்பியச் சந்தை கைவிட்டுப் போக, தோட்டங்களைக் காப்பாற்ற இந்தியர்களையே குடிக்கவைக்க வேண்டியிருந்தது. 1935இல் போட்ட காபித் தீர்வையின் பணத்தில் விளம்பரமும் காபி ஹவுஸ்களும் ஏற்கெனவே தொடங்கியிருந்தன. ஒரு தலைமுறைக்குள் பதற்றம் பரப்புரையாக மாறியது. இதற்கிடையில் காபி உடலில் செய்யும் வேலை துளியும் மாறவில்லை.

அறிவியல் வந்ததும் எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1819இலேயே ஜெர்மானிய வேதியியலர் ரூங்கே காபியிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுத்துவிட்டார். அளக்க வேண்டிய பொருள் கைக்கு வந்தாயிற்று. அப்படியும் 1981இல் அமெரிக்காவில் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்று காபியைக் கணையப் புற்றுநோயுடன் இணைத்தது. ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களில் பலர் வயிற்றுக் கோளாறால் ஏற்கெனவே காபியைக் குறைத்துக்கொண்ட நோயாளிகள் என்பது பிறகே உறைத்தது. 1991இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, காபி சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. 2016இல் அதை விலக்கிக்கொண்டது. அதிகம் காபி குடித்தவர்களில் பலர் அதிகம் புகைத்தவர்களாகவும் இருந்தது பழைய ஆய்வுகளைப் பெரிதும் குழப்பியிருந்தது. நம் முன்னோர் காபி குடிப்பவரின் சாதியையும் கூலியையும் பார்த்துக் காபியை எடைபோட்டார்கள் என்றால், இந்த ஆய்வுகள் அவர் விரலிடுக்கின் சிகரெட்டைக் காபியின் கணக்கில் எழுதின. நோக்கம் வேறு, பிழை ஒன்றுதான்.

அப்படியானால் அளவு என்பதே வெறும் பயம், வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்று முடிவுகட்டுவோர் உண்டு. அதை ஏற்க முடியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன், கருவுற்றவர்களுக்கு 200 என்று எல்லை வகுத்தது. ஹைதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் தந்த வழிகாட்டுதல் 300ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, தேநீரைத் தவிர்க்கவும் சொல்கிறது. அவற்றிலுள்ள சேர்மங்கள் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுப்பதே காரணம். பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை உள்ள நாட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டின் இடத்தைக் காபி பிடிக்கிறது என்று அக்காலத்தவர் புலம்பியதில் இந்த அளவுக்கு உண்மை இருந்தது. அவர்கள் பெண்ணின் தட்டைப் பற்றிக் கவலைப்படாமல் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டதுதான் கொடுமை.

இன்னொரு மறுப்பு பலமானது. மேல்நாட்டு எல்லைகள் கறுப்புக் காபியை வைத்துப் போட்டவை, பாலும் சிக்கரியும் கலந்த நம் டம்ளருக்கு அவை எப்படிப் பொருந்தும்? கணக்குப் பார்த்துவிடலாம். ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் பொடி, அதில் முப்பது சதவீதம் சிக்கரி என்று வைத்துக்கொள்வோம். சிக்கரியில் கஃபீன் இல்லை. மீதி ஏழு கிராம்தான் காபி. அது அரபிகா வகையானால் கஃபீன் எடையில் ஏறக்குறைய 1.2 சதவீதம், முழுவதும் டிகாக்‌ஷனில் இறங்கினாலும் 84 மில்லிகிராம். ரோபஸ்டா வகையானால் இரண்டு சதவீதத்தைத் தாண்டும். 140க்கு மேல் போய்விடும். முன்னதில் மூன்று டம்ளர் குடித்தவர் 300க்குள் நிற்பார், பின்னதில் அதே மூன்று டம்ளர் 400ஐயே தாண்டிவிடும். பால் எவ்வளவு ஊற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. டிகாக்‌ஷன் எவ்வளவு என்பதே கணக்கு. இதோடு நேரமும் சேர்கிறது. உடலில் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரமாகும். 400 மில்லிகிராமைப் படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு உட்கொண்டவர்களுக்குக்கூடத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததை 2013இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. மாலை ஆறு மணிக் காபிக்கும் காலை ஆறு மணிக் காபிக்கும் ஒரே எண்ணிக்கை பொருந்தாது.

தினம் மூன்று நான்கு கோப்பை குடிப்பவர்களிடையே இறப்பு விகிதம் குறைவு என்று 2017இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு பெரும் தொகுப்பு சொன்னது உண்மை. அது பெரும்பாலும் குடிப்பவர்களைக் கவனித்துக் கண்ட தொடர்பு. ஆயுள் கூடும் என்று நம்பிக் குடிக்கத் தொடங்குவதற்கு அது ஆதாரமாகாது. அதே சமயம், ஆரோக்கியமாக இருந்து மூன்று டம்ளர் குடிப்பவரை மிரட்டவும் யாருக்கும் ஆதாரமில்லை.

அவர் தம் மூன்று டம்ளரைத் தாமே கணக்கிட வேண்டுமானால் பொடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். சிக்கரி கலந்த பொடியில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், கலப்பு விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்று நம் சட்டம் சொல்கிறது. அந்தக் காபி எந்த வகை என்பது அதில் தெரிவதில்லை. பொடிக் கடையில் பீபரி, பிளாண்டேஷன் என்று கேட்டு வாங்குகிறோம். பிளாண்டேஷன் என்பது அரபிகா, ஆனால் பீபரி என்பது கொட்டையின் உருவம், அது இரண்டு செடியிலும் காய்க்கும். அரபிகா எத்தனை பங்கு, ரோபஸ்டா எத்தனை பங்கு என்பதும் சிக்கரி விகிதத்துக்குப் பக்கத்தில் அதே பெரிய எழுத்தில் அச்சாக வேண்டும்.