இருபது முறை தோற்றவன்

2020 ஏப்ரல், ஊரடங்கு. நான் பெங்களூர் அறையைக் காலி செய்துவிட்டு, லேப்டாப்போடு மணலூர்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தூர்தர்ஷனின் பாரதி சேனலில் பி.ஆர். சோப்ராவின் பழைய மகாபாரதத்தை மதியமும் இரவும் மறுபடி போட்டார்கள். சூதாட்டம் வந்த அன்று அப்பா, நான், சித்தப்பா பையன் மூவரும் டிவி முன்னால் இருந்தோம். தம்பிக்குப் பாதிக் கண் டிவியில், பாதி போனில்.

கூஃபி பெயின்டல் பகடையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கிறார். ஒரு கண் சுருங்குகிறது. அவர் கேட்ட எண் விழுகிறது. அடுத்த முறையும் அதுவே விழுகிறது.

"அந்தப் பகடையில என்னவோ இருக்குதுண்ணா" என்றான் தம்பி, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எங்க காலத்துக் கூத்துல சகுனி வெறுங்கையத்தான் விரிச்சிக் காட்டுவான். அதுக்கே சனம் மண்ணை வாரித் தூத்தும்" என்றார் அப்பா.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருப்பது அப்போது எனக்குப் படவில்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அந்தப் புகழ்பெற்ற காட்சியில் நாம் பார்ப்பது நிஜமான சூதாட்டம்தானா?

1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் வரை, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், 94 பகுதிகளாக வந்த தொடர் அது. வசனம் ராஹி மாசூம் ராசா. சகுனியாக நடித்த பெயின்டல்தான் அந்தத் தொடருக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுத்தவரும். நடிக்க வருவதற்கு முன் பொறியாளராக இருந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் கூடுதல் பாசம். எங்கள் தெருவில் அன்று டிவி இருந்தது ஒரே ஒரு வீட்டில். வசனம் இந்தி, யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் வாசல் வரை கூட்டம் இருக்குமாம். கதை ஏற்கெனவே தெரிந்ததுதானே. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர், அதாவது எங்கள் நடுநாட்டு ஆள். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊரில் 'சூது துகில்' தெரியாத பிள்ளை கிடையாது.

விளையாட்டைத் திரையில் காட்டுவதில் எல்லா நாட்டிலும் ஒரே சிக்கல்தான். நடிகருக்கு ஆடத் தெரியாது, ஆடத் தெரிந்தவருக்கு நடிப்பு வராது. 1961இல் வந்த 'தி ஹஸ்லர்' அமெரிக்கப் படத்தில் பூல் மேசை முன்னால் பால் நியூமன் நிற்பார். கடினமான அடிகள் பலவற்றை அடித்தது வில்லி மொஸ்கோனி என்ற சாம்பியன். எதிராளியாக நடித்த ஜாக்கி கிளீசன் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரர் என்பதால், அவர் முகமும் கோலும் பந்தும் ஒரே ஷாட்டில் வரும். முகத்தைக் காட்டிவிட்டு, வெட்டி, குழிக்குள் விழும் பந்தைக் காட்டினால் நாம் நம்ப வேண்டியது எடிட்டரை. பகடைக்கும் இதே கதைதான். முகம், வெட்டு, விழுந்த எண். நடுவில் இருக்கும் வெட்டுக்குள் மந்திரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மூலத்தில் மந்திரம் இல்லை. சபா பருவத்தில் பகடை உருளும் வர்ணனைகூட இல்லை. தருமன் பந்தயத்தைச் சொல்கிறான். சகுனி ஆடிவிட்டு, வென்றேன் என்கிறான். அவ்வளவுதான். முத்து, பொற்குடம், தேர் என்று ஆரம்பித்து நாடு, நகுலன், சகதேவன், அர்ச்சுனன், பீமன், தான், கடைசியில் திரௌபதி. மொத்தம் இருபது பந்தயம். இருபதும் தோல்வி.

என்னைப் போன்ற ஆளுக்குக் கை உடனே கணக்குப் போடும். காசு சுண்டுவது போன்ற சமவாய்ப்பு ஆட்டத்தில் இருபது முறை தொடர்ந்து தோற்க எத்தனையில் ஒரு வாய்ப்பு? 10,48,576இல் ஒன்று. ஆக, நடந்தது அதிர்ஷ்டம் சம்பந்தப்பட்ட விஷயமில்லை.

அப்படியானால் என்ன? வேதகாலச் சூதில் உருட்டியது நாம் நினைக்கும் ஆறுபக்கக் கட்டையை அல்ல, தான்றிக்காயை. ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கத்தின்படி, ஒரு குவியலிலிருந்து காய்களை அள்ளி எண்ணுவார்கள். நான்கால் மீதியின்றி வகுபட்டால் கிருதம், அதுதான் உயர்ந்தது. மூன்று மிஞ்சினால் திரேதம், இரண்டு மிஞ்சினால் துவாபரம், ஒன்று மிஞ்சினால் கலி. நான்கு யுகங்களின் பெயரும் இவையே. அப்படி ஆடினால் ஜெயிப்பவன் யார்? பார்த்த பார்வையில் எண்ணத் தெரிந்தவன். அதே மகாபாரதத்தில் நளன் கதையில் வரும் இருதுபர்ணன், ஓடும் தேரிலிருந்து ஒரு தான்றி மரத்தைப் பார்த்து அதன் இலையையும் காயையும் எண்ணிச் சொல்கிறான். அந்த வித்தையை நளனுக்குக் கொடுத்து, பதிலுக்குக் குதிரை வித்தையை வாங்கிக்கொள்கிறான். சூதில் எல்லாம் இழந்த நளன் அதைக் கற்ற பிறகுதான் நாட்டைத் திரும்ப ஜெயிக்கிறான். அந்தக் கதையைப் பொறுத்தவரை சூது ஒரு திறன் ஆட்டம்.

சகுனியும் இதைத்தான் வாதமாக வைக்கிறான். வஞ்சமாக ஆடுவது பாவம் என்று தருமன் தயங்கும்போது அவன் சொல்வதன் சாரம் இது: கற்றவன் கல்லாதவனை எதிர்கொண்டு வெல்கிறான், அதை யாரும் வஞ்சம் என்பதில்லை, பயமாக இருந்தால் எழுந்து போ. துரியோதனனுக்காக மாமன் ஆடுவது முறையல்ல என்றும் தருமன் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கிறான். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான்.

2022இல் தம்பி போன் செய்தான். ஆன்லைன் ரம்மியில் 3,40,000 ரூபாய் போய்விட்டது. பைக்கை விற்றிருந்தான், அவன் மனைவியின் நகை அடகில் இருந்தது. அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அண்ணா, நீ சாஃப்ட்வேர்ல இருக்கிறவன். உண்மையச் சொல்லு. சீட்டு விழுறதுல ஏதோ பண்றானுங்கதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. அவன் மனசுக்கு அது மருந்தாக இருந்திருக்கும். ஊருக்கு வந்து, அவனுடைய ஆட்டக் கணக்கை வரிவரியாக எடுத்து உட்கார்ந்து எண்ணினேன். எல்லாம் இரண்டு பேர் ஆடும் மேசைகள். நூற்றுக்கு 43 ஆட்டம் ஜெயித்திருந்தான். சீட்டைக் குலைப்பதில் தில்லுமுல்லு இல்லாமலே அந்த எண் வரும். எதிரில் உட்கார்ந்தவர்கள் அவனைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான். யார் ஜெயித்தாலும் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பங்கு நடத்துகிறவனுக்குப் போனது. இவன் விட்டதைப் பிடிக்கப் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனான்.

ரம்மி பெரும்பாலும் திறனைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே சொன்னது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு திறன், அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. அதுவரை நடந்த வழக்குகளில் 'திறன்' என்ற சொல்தான் கேடயம். தீர்ப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சகுனியின் குரல்தான் கேட்டது. திறன் ஆட்டம் என்பது உண்மை. அந்த உண்மையால்தான் தருமன் இருபது முறை தோற்றான். அதிர்ஷ்ட ஆட்டமாக இருந்திருந்தால் பாதியாவது தேறியிருப்பான்.

டிவித் தொடர் பகடைக்கு மந்திரம் ஏற்றியபோது நமக்கு ஒரு சௌகரியம் செய்துகொடுத்தது. குற்றம் பகடையோடு முடிந்துவிட்டது. கூத்துக்காரன் அந்தச் சௌகரியத்தைத் தருவதில்லை. எங்கள் ஊரில் துகிலில் கை வைக்கும் முன் துச்சாதனன் வேடக்காரர் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். அவர் கும்பிடும்போது கூடியிருக்கும் நாங்களும் எழுந்து கும்பிடுவோம். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அந்தச் சபையில் ஆள்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

தம்பியின் கணக்கில் முதல் ஆட்டத்தின் தேதி 2020 ஏப்ரல். நாங்கள் மூவரும் சேர்ந்து சூதாட்டக் காட்சியைப் பார்த்த அதே வாரம். அன்று அவன் போனில் விரிந்திருந்த சீட்டுகளை நானும் ஓரக்கண்ணால் பார்த்தேன். என்னடா அது என்று கேட்கவில்லை. டிவியில் விதுரன் பேசிக்கொண்டிருந்தான், அவன் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

"இல்லடா, யாரும் எதுவும் பண்ணல" என்றேன் தம்பியிடம். "உன்ன விட நல்லா ஆடுறவன் எதிர்ல இருந்தான். எழுந்து வாடான்னு சொல்ல வேண்டியவன் பக்கத்துல சும்மா இருந்தான்."