ஊத்தை படிந்த இலச்சினையும் மூன்று கோப்பு வடிவங்களும்

போன கிழமை தரம் 11 பிள்ளைகள் விளையாட்டுப் போட்டிக்காக ஒரு வலைப்பக்கம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு மாணவி பச்சைப் பின்னணியில் பாடசாலை இலச்சினையை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "டீச்சர், இது ஏன் இப்படி ஊத்தையா இருக்கு?"

பார்த்தேன். இலச்சினையைச் சுற்றி ஒரு வெள்ளைப் பெட்டி. எழுத்துகளின் ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக, மழையில் நனைந்த சுவர் மாதிரி. கோப்பின் பெயர் ஜே.பி.ஜி. என்று முடிந்தது.

"ஒளிப்படத்துக்கு ஜே.பி.ஜி., இலச்சினைக்கு பி.என்.ஜி. என்று படித்தோம்தானே" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். கல்வியியற் கல்லூரியில் நானும் அதை ஒரு அட்டவணையாகத்தான் பாடமாக்கினேன். ஆனால் அவள் விடவில்லை, "ஏன்?" என்று கேட்டாள். அரை மணித்தியாலம் கதை சொல்ல வேண்டியதாயிற்று. அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

கணினிக்குப் படம் என்பது புள்ளிகளின் கட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், மூன்று பைட். 800க்கு 600 அளவுள்ள படத்தில் 480,000 புள்ளிகள். அப்படியே சேமித்தால் 14 இலட்சத்து 40 ஆயிரம் பைட். இப்போது அது ஒன்றுமில்லை. தொலைபேசி வழியாகச் செக்கனுக்கு 2,400 பிட் அனுப்பிய பழைய மோடத்தில் அந்த ஒரு படம் வந்து சேர 80 நிமிடம் ஆகும். படத்தைச் சுருக்காமல் எதுவும் நடக்காது.

1987இல் கொம்பியூசேர்வ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட்டின் குழு ஜிஃப் வடிவத்தை வெளியிட்டது. ஒரு படத்துக்கு 256 நிறங்கள் மட்டும். திரும்பத் திரும்ப வரும் புள்ளி வரிசைகளுக்குக் குறுகிய குறியீடு கொடுத்துவிடுவார்கள். விரித்தால் ஒரு புள்ளியும் குறையாது. சித்திரம், இலச்சினை, பொத்தான் இவற்றுக்கு அது போதும். ஆனால் ஒரு முகத்தை 256 நிறத்தில் காட்டினால் கன்னத்தில் பட்டை பட்டையாக விழும்.

ஒளிப்படத்துக்கான வழி வேறு இடத்திலிருந்து வந்தது. 1940இல் பெங்களூரில் பிறந்த நசீர் அஹமத், கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். எந்தப் படத்துண்டையும் கோசைன் அலைகளின் கூட்டாக எழுதிச் சுருக்கலாம் என்பது அவருடைய யோசனை. 1972இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்திடம் ஆய்வு நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்ற தொனியில் ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்ததைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். நிதி இல்லாமலே வேலையைத் தொடர்ந்தார். அவருடைய ஆய்வு மாணவர் டி. நடராஜனும், டெக்சாஸில் இருந்த நண்பர் கே. ஆர். ராவும் சேர்ந்துகொண்டார்கள். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் ஒரு சிறிய கட்டுரை வெளிவந்தது. 18 வருடம் கழித்து, 1992இல், ஜேபெக் தரநியமம் அதன் மேல்தான் எழுந்தது. வட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்பும் கலியாண வீட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கணக்குத்தான் ஓடுகிறது. கல்லூரியில் எனக்கு இந்தப் பெயர்களில் ஒன்றையும் யாரும் சொல்லித் தரவில்லை.

அது வேலை செய்யும் விதத்தில்தான் மாணவியின் கேள்விக்கு விடை இருக்கிறது. ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிச் சதுரங்களாக வெட்டும். ஒவ்வொரு சதுரத்தையும் 64 அலைக்கோலங்களாகப் பிரிக்கும். மெதுவாக மாறும் அலைகளைக் கவனமாக வைத்துக்கொள்ளும். வேகமாக மாறுபவற்றை மனிதக் கண் அவ்வளவு கவனிக்காது என்று பெரும்பாலும் கைவிட்டுவிடும். வானம், முகம், கடல் எல்லாவற்றுக்கும் இந்தக் கணிப்புச் சரி. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தின் ஓரத்துக்குப் பிழை. கூர்மையான ஓரத்தைக் கட்டுவதே அந்த வேகமான அலைகள்தான். அவை போனதும் மிச்சமானவை ஓரத்தைச் சுற்றி நெளிகின்றன. அவள் கண்ட ஊத்தை அதுதான்.

அப்படியானால் இலச்சினைக்கு ஜிஃப் போதுமே? அங்கேதான் வழக்கு வந்தது. ஜிஃப் பயன்படுத்திய சுருக்கும் முறையை 1984இல் டெரி வெல்ச் ஒரு சஞ்சிகையில் விளக்கியிருந்தார். அவர் வேலை செய்த ஸ்பெரி நிறுவனம் அதற்கு ஆக்கவுரிமை கேட்டிருந்தது, 1985இல் கிடைத்தும் விட்டது. கொம்பியூசேர்வ் காரர்களுக்கு இது தெரியாது. ஸ்பெரி பிறகு யுனிசிஸ் ஆயிற்று. 1994 டிசம்பர் கடைசியில், உலகமே ஜிஃப்பில் இணையத்தைக் கட்டிக்கொண்டிருந்த வேளையில், ஜிஃப்பைக் கையாளும் மென்பொருள் செய்பவர்கள் கட்டணம் கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். வீடு கட்டி முடித்த பிறகு காணிக்காரர் வந்து நின்ற கதை.

1995 ஜனவரி 4ஆம் திகதி தோமஸ் பூட்டல் இணையச் செய்திக்குழுவில் புதிய வடிவத்துக்கான ஒரு வரைவைப் போட்டார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் திருத்தினார்கள். அதுதான் பி.என்.ஜி. 1996 ஒக்டோபர் 1ஆம் திகதி உலகளாவிய வலைச் சங்கம் அதைப் பரிந்துரைத்தது. சுருக்கும் முறைக்கு யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை, ஒரு புள்ளியும் தொலையாது, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட நிறங்கள். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஊடுதெரிய வேண்டும் என்பதை 256 படிகளில் சொல்லலாம். ஜிஃப்பில் தெரியும், தெரியாது என்ற இரண்டு நிலை மட்டும். வெள்ளைப் பெட்டி மறைவது இதனால்தான்.

ஆனாலும் உடனே வெற்றி கிடைக்கவில்லை. மைக்ரோசொஃப்ட்டின் உலாவி இந்த ஊடுதெரிதலைச் சரியாகக் காட்ட 2006 வரை எடுத்தது. அசையும் படம் அப்போது பி.என்.ஜி.யில் இருக்கவில்லை என்பதால் ஜிஃப்பும் சாகவில்லை. அமெரிக்காவில் அதன் ஆக்கவுரிமை 2003 ஜூனில் காலாவதியானது.

கதை முடியும்போது மாணவி ஜே.பி.ஜி. கோப்பைத் திறந்து பி.என்.ஜி.யாகச் சேமித்துவிட்டாள். ஊத்தை அப்படியே இருந்தது. "போன அலைகள் எங்கிருந்து திரும்பி வரும் மகள்?" என்றேன். மூலக் கோப்பைக் கேட்டுச் சித்திர டீச்சரிடம் அனுப்பினேன். அவரிடம் இருந்ததும் ஜே.பி.ஜி.தான். காரியாலயத்தில் இருந்ததும் அதுவே. இப்போது அவள் இன்க்ஸ்கேப்பில் இலச்சினையைக் கோடு கோடாகப் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறாள். பிறையும் புத்தகமும் முடிந்துவிட்டன, எழுத்துகள் மிச்சம்.