அரைப்படி நெல்லும் நண்டு ரசமும்

தோழர்களே, தை பிறந்தால் பாரம்பரிய அறுவடைச் சமையல் என்று சர்க்கரைப் பொங்கலையும் நெய்யையும் காட்டுகிறார்கள். அறுத்தவர்களின் அடுப்பில் என்ன வெந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கீழத்தஞ்சையில் நம் பாட்டிமார் வயல் கொடுத்ததைச் சமைத்தார்கள். வரப்பில் பிடித்த நண்டை இடித்து, மிளகும் பூண்டும் சேர்த்து ரசம் வைத்தார்கள். நத்தையை வேகவைத்து, ஓட்டிலிருந்து சதையை எடுத்து வதக்கினார்கள். அறுப்பு முடிந்ததும் எலிவளையைத் தோண்டி, எலியோடு அது சேர்த்துவைத்த கதிரையும் எடுத்தார்கள். அந்த நெல்லைக் குத்தினால் சில நாள் கஞ்சி.

ருசி இருந்தது, வேறு வழியும் இல்லை. நிலம் மிராசுதார்களிடம், கூலியோ படிக்கணக்கில். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் கூலிக்குப் போராட வேண்டியிருந்தது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அரைப்படி என்பது ஒருவேளை உலை.

இன்று நண்டும் நத்தையும் 'கிராமத்துச் சுவை' என்று விலைக்கு வருகின்றன. சமைத்தவர்களின் வரலாறு அதில் இல்லை. பாட்டிமாரிடம் செய்முறையைக் கேட்டு எழுதுவோம். அன்று கிடைத்த கூலி எத்தனை படி என்பதையும் அதே பக்கத்தில் எழுதுவோம்.