வங்கச் சிறுவர்களின் ஓவியர்

வங்காளத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் சிறுவர், யாரும் வற்புறுத்தாமலே விரும்பி ஏந்தும் ஏடுகளுள் நாராயண் தேப்நாத்தின் சித்திரக்கதைகள் முதன்மையானவை.

1925ஆம் ஆண்டு ஹௌராவைச் சார்ந்த சிவப்பூரில் பிறந்தவர் இவர். குடும்பத் தொழில் பொன்நகை வாணிகம். இளமையில் நகைகளுக்குரிய வடிவங்களை வரைந்து கைபழகினார். ஓவியக் கல்லூரியில் பயின்றும் பட்டம் பெறாமலே வெளியேறினார். விளம்பரங்களுக்கும் நூல்களுக்கும் படம் வரைந்து பிழைத்தார்.

1962இல் 'சுக்தாரா' மாத இதழில் 'ஹாந்தா போந்தா' தொடங்கிற்று. ஹாந்தா பிறருக்கு விரிக்கும் வலையில் தானே வீழ்வான். நீதி சிரிப்பாகவே வந்து சேரும். 1965இல் பரந்த மார்பும் குச்சிக் கால்களும் கொண்ட மாவீரன் 'பாண்டுல்' தோன்றினான். 1969இல் 'கிஷோர் பாரதி' இதழில் விடுதி மாணவர்களான 'நோண்டே போண்டே' வந்தனர். கதை, உரையாடல், ஓவியம் மூன்றும் ஒருவர் கைவண்ணமே. அரை நூற்றாண்டுக்கு மேலாக அக்கை ஓயவில்லை.

சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்கப்படும் இக்கலையைச் சாகித்திய அகாதெமி குழந்தை இலக்கிய விருதளித்து 2013இல் ஏற்றபோது அவர் எண்பதைக் கடந்திருந்தார். 2021இல் அறிவிக்கப்பட்ட பத்மஸ்ரீ விருதின் பதக்கம், 2022 ஜனவரியில் மருத்துவமனைப் படுக்கையில்தான் அவர் கைக்கு எட்டியது. அம்மாதம் 18ஆம் நாள், தம் 96ஆம் அகவையில் மறைந்தார்.

பிறமொழி நிலத்தில் வாழும் நாம், பிள்ளைகள் தமிழ் படிப்பதில்லையே என வருந்துகிறோம். அவர்கள் தாமே தேடி வரும்படி எழுதுவோரையும் வரைவோரையும் காலத்தே போற்றுதல் அன்றோ அதற்கு மருந்து!